சுகப்பிரியா நின்ற ஓரம்

நரிக்குளத்தில் முதன்முதலாக மங்கியவள் வாசுகி. ஊர்த் தலைவர் சிவனாண்டியின் செத்துப்போன தம்பியின் மனைவி. தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஃப்ளெக்ஸ் போர்டு ஏறிய மறுநாள் காலையில் அவள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க வந்தபோது, இடது பக்கம் என்றைக்கும் போல இருந்தது. மூக்கைத் தாண்டி வலது பக்கம் போகப்போக மார்கழிப் பனியில் நிற்கிற வேலிக்கால் மாதிரி வெளிறி, தோளுக்கு வரும்போது வெறும் காற்றாக இருந்தது. வலது இடுப்பில் ஏற்றிய குடம் மட்டும் அந்தரத்தில் ஆடியாடிப் போனது. குழாயடிப் பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி, “என்னக்கா, மேலுக்கு முடியலையா?” என்று கேட்டாள். “அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா,” என்றாள் வாசுகி. அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது.

ஊர் அவளுக்குத் தக்கபடி தன்னைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டது. ரேஷன் கடை இயந்திரத்தில் அவளுடைய வலது கை ரேகை விழவில்லை. கடைக்காரர் அலுத்துக்கொள்ளாமல் இடது கையை வைக்கச் சொன்னார். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் எதிரில் தாலியில்லாதவள் வருகிறாளே என்று இனி முகம் சுளிக்க வேண்டியதில்லை, அவள் தெருவின் இடது ஓரமாகவே நடந்தால் காற்றாய்ப் போன பக்கம்தான் அவர்கள் பக்கம் இருக்கும் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, அவளும் மறுபேச்சில்லாமல் இடது ஓரமாகவே நடந்தாள். அவ்வளவுதான். அந்த வாரம் ஊரில் அதைவிடப் பெரிய பேச்சு கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோனது.

பாண்டிமீனாவுக்கு மட்டும், அந்த மங்கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதை இழுத்தவள் அவள்.

பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் இருந்த சகாயம் டிஜிட்டல்ஸில் அவள் டிசைனர். நரிக்குளத்தில் பெரிய மனுஷியான பெண்களும், மாலை மாற்றிய ஜோடிகளும், போய்ச் சேர்ந்த பெரியவர்களும் அவள் கம்ப்யூட்டரைக் கடக்காமல் போர்டில் ஏறியதில்லை. படத்தை வெட்டினால் வெட்டிய இடம் தெரியும், அழித்தால் வேண்டும் என்கிறபோது திரும்ப வராது. அதனால் அவள் வெட்டவும் மாட்டாள், அழிக்கவும் மாட்டாள். படத்தின்மேல் மாஸ்க் என்று ஒன்றைப் போடுவாள். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கிற இடத்தில் படம் தெரியும், கறுப்பாக இருக்கிற இடத்தில் படம் இருந்தும் தெரியாது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மவுஸைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் நடுவில் சாம்பல் சரிந்து சரிந்து இறங்கும். அதற்குப் பெயர் கிரேடியண்ட். ஆள் எந்த இடத்தில் இல்லாமல் போனார் என்று பார்க்கிறவன் கண்ணுக்குப் பிடிபடாது.

கல்யாணப் போர்டுக்குப் படங்களைக் கொண்டுவந்த அன்றைக்குச் சிவனாண்டி அவளிடம் சொன்னது இதுதான்: “வாசுகி படம் இல்லேன்னா தம்பி வகையறா மூஞ்சியத் தூக்கிருவாக. முழுசா இருந்தா, மங்கள காரியத்துல இவ என்னத்துக்குன்னு சம்பந்தி வீட்டுல கேப்பாக. இருக்கணும், இருக்கவும் கூடாது. அப்படி ஏதாச்சும் பண்ணு தாயி.”

அவள் அப்படித்தான் பண்ணினாள்.

“அண்ணே, அது நான் போட்ட கிரேடியண்ட்ண்ணே,” என்று ஸ்டுடியோ முதலாளி சகாயத்தை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். சகாயம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீழே இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்த அரை வாசுகியை வெகுநேரம் பார்த்தார். “பிரிண்ட்ல வந்ததவிட நேர்ல சுத்தமா வந்திருக்கு,” என்றார்.

மாஸ்க்கை எடுத்துவிட்டு வேறு போர்டு அடித்து மாட்டினால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாசுகி வீட்டுக்குப் போனாள். வாசுகி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் ஒரு பக்கத்தைத்தான் கை பிடித்திருந்தது. மறுபக்கத்திலிருந்து கண்ணாடி வளையல் சத்தம் வந்தது.

“வளையலா போட்டிருக்கீக?” என்றாள் பாண்டிமீனா.

வாசுகி வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். “பூவும் வச்சிருக்கேன். அந்தப் பக்கம்,” என்றாள். “என்னையத் திருப்பிக் கொண்டாந்துராத ஆத்தா. இதுல பாதி எனக்கு, பாதி ஊருக்குன்னு ஆயிப்போச்சு. முழுசா இருந்தப்ப எனக்குன்னு ஒண்ணுமில்ல.”

படியிறங்கும்போது பாண்டிமீனாவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. தான் செய்தது கெடுதல் இல்லை போல என்று அந்த லேசு அவளிடம் சொன்னது, அவளும் அதை நம்பிக்கொண்டாள்.

விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவர் சிவனாண்டி. அவருக்குப் பின்னால் ஊரும் புரிந்துகொண்டது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருவர், வாயில் எச்சில் ஒழுகும் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தார். சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கத் தொடங்கியிருந்த மகனின் பள்ளிக்கூடப் படத்தை ஒரு தகப்பன் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்துவிட்டு, அழுதுகொண்டே, “வலிக்காம பண்ணுங்க,” என்றான். போர்டை வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பொது இடத்தில் ஏற வேண்டும், போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஏறிட்டுப் பார்க்க வேண்டும்; ஊர் பார்த்தால்தான் ஆள் மங்கியது. நரிக்குளத்துக்காரர்கள் போர்டு என்று ஒன்று ஏறினால் பார்க்காமல் போகிறவர்கள் இல்லை. தங்கள் தலை எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்று தேடித்தேடிப் பழகிய கண்கள்.

அப்புறம் ஓடிப்போன பெண்களின் படங்கள் வர ஆரம்பித்தன. நரிக்குளத்தில் பெண் வேறு தெருவுக்காரனைக் கட்டிக்கொண்டால் முன்பெல்லாம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். தண்டவாளம் ஊருக்கு வெளியே கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. இப்போது அதெல்லாம் இல்லை. அரிவாளும் இல்லை, அழுகையும் இல்லை, அடக்கமும் இல்லை. பெண்ணின் படத்தில் ஒரு கோடு இழுத்து மூணுரோட்டில் தூக்கிக் கட்டினால் முடிந்தது. நம்ம ஊர் எவ்வளவோ திருந்திவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கொடியேற்று விழாவுக்கு வந்த காவல் அதிகாரி ஒருவர், இந்தச் சுற்று வட்டாரத்திலேயே கொலை விழாத ஊர் இதுதான் என்று மைக்கில் பாராட்டிவிட்டு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. எங்கிருந்தோ, ஆளில்லாத ஓரங்களிலிருந்து, கைதட்டாத மூச்சுகள் கேட்டன.

பாண்டிமீனாவின் தங்கை சுகப்பிரியா, ஏசி மெக்கானிக் இன்பராஜைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டது அந்த வருஷம்தான். இன்பராஜ் காலனித் தெரு. கல்யாணம் முடிந்து அந்தத் தெருவிலேயே குடித்தனம் போட்டார்கள். நல்ல வெயில் நேரத்தில் அண்ணன் தர்மர் ஸ்டுடியோ மாடியேறி வந்தான். பின்னால் சிவனாண்டி. தர்மர் கையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம் இருந்தது. இடது கோடியில் தர்மர், நட்டநடுவில் அம்மா, அம்மாவுக்கு அடுத்து பாண்டிமீனா, வலது கோடியில் சுகப்பிரியா, எதையோ சொல்லிச் சிரிக்கப் போகிற முகத்தோடு.

“அந்தக் கோடிய மறைச்சிரு,” என்றான் தர்மர்.

“முடியாதுண்ணே. அவ நம்ம கூடப் பொறந்தவ.”

“அதனாலதான் உங்கிட்ட வந்தேன். வெளிய வண்டி சீட்டுக்கடியில வேற ஒண்ணும் வச்சிருக்கேன். ரெண்டுல ஒண்ணு நடக்கும் மீனா. இது, இல்லாட்டி அது.”

சிவனாண்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சின்னப்புள்ள உசுரோட இருக்கட்டும்னுதானே தாயி நாங்களே படியேறி வந்திருக்கோம். உங்கண்ணன் தங்கமானவன். வேற ஒருத்தனா இருந்தா நேரா அங்க போயிருப்பான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஊர் சார்பா எம்படத்தையும் தர்மருக்கு மேல வச்சிரு,” என்றார்.

அவள் செய்தாள். தங்கைக்கு எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியுமோ அவ்வளவு பிடிக்கலாம் என்று, சிறிதாக இழுக்காமல், படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மவுஸை நீளமாக, மெதுவாக இழுத்தாள். நீளமாக இழுக்க இழுக்கச் சரிவு மென்மையாகும், கறுப்பு கடைசி ஓரத்தில்தான் விழும். ஆனால் சுகப்பிரியா நின்றிருந்தது அந்தக் கடைசி ஓரத்தில்தான். மென்மைக்கு விலையாக நடுவில் நின்ற அம்மா சரிபாதி சாம்பலானாள். பாண்டிமீனா முக்கால்வாசி போனாள்.

மூணுரோட்டில் போர்டு ஏறியது. ஊர் பார்த்தது.

அம்மா அடுப்படியில் தன் கையை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, “கண்ணுதான் மங்குதுன்னு நெனச்சேன். நாந்தேன் மங்குறேனா?” என்றாள். பஸ்ஸில் பாண்டிமீனா உட்கார்ந்திருந்த சீட்டில் காலி என்று நினைத்து ஆட்கள் பையை வைத்தார்கள். அவள் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டாள். தண்டனையை அனுபவிக்கிறோம் என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது.

தங்கையைப் பார்க்கக் காலனித் தெருவுக்குப் போனபோது இன்பராஜ் வாசல் வெயிலில் ஸ்டூல் போட்டு, எதிரிலிருந்த வெற்றிடத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். சீப்பு காற்றில் சிக்கிச் சிக்கி இறங்கியது. கீழே விழுந்த முடிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

“வாங்க மதினி,” என்றான். “உடுத்துறது போடுறதெல்லாம் அவளோடயே மறைஞ்சிருது, பொட்டு மட்டுந்தேன் தெரியுது. நெத்தியில பொட்டு வச்சு விட்டா அதை வச்சு மொகம் எங்கிட்டு இருக்குன்னு கண்டுக்கிருவேன். வேர்வையில அழிஞ்சிருச்சு.”

“சுகா,” என்றாள் பாண்டிமீனா.

“ஒன்னால எனக்குத் துணிக்கடை வேலை போச்சு,” என்றது தங்கையின் குரல், அழாமல். “சேலை தானா விரியுது, தானா மடியுதுன்னு வாங்க வந்தவுக ஓடுறாக. ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் இவரைப் பார்த்தே பேசுறாரு. பஸ்ஸுல எம்மேலயே உக்காறாக.”

“அண்ணன் அரிவாளோட வந்தான்டி. ஒன்னை உசுரோட வைக்க எனக்கு வேற வழி தெரியல.”

“வெட்டியிருந்தா எம்பேரு பேப்பர்ல வந்திருக்கும். கேஸ் ஆகியிருக்கும். நாலு பேரு கொடி புடிச்சுக்கிட்டு வந்திருப்பாக. அண்ணன் ஜெயில்ல இருப்பான். இப்பப் பாரு, நானும் இல்ல, கேஸும் இல்ல. நீ என்னைய காப்பாத்துனியா, அவுங்களக் காப்பாத்துனியா?”

இன்பராஜ் குங்குமச் சிமிழைத் திறந்து, விரலால் தடவித் தடவி நெற்றியைத் தேடி, ஒரு பொட்டு வைத்தான். அந்தரத்தில் நின்ற அந்தச் சிவப்பு பாண்டிமீனாவையே பார்த்தது.

மாஸ்க்கை எடுத்துவிட்டால் தங்கை வந்துவிடுவாள். ஆனால் எதிரில் அண்ணனும் முழுசாக, அரிவாளோடு இருப்பான். யோசித்துக்கொண்டே மறுநாள் அவள் ஃபைலைத் திறந்தாள். சகாயம் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். மாஸ்க்கைத் தொட்டு, கன்ட்ரோலையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினாள். கறுப்பு வெள்ளையானது, வெள்ளை கறுப்பானது. வலது கோடியில் சுகப்பிரியா பளிச்சென்று வந்து நின்றாள். இடது கோடியில் தர்மரும் அவனுக்கு மேலே சிவனாண்டியும் இருந்த இடத்தில் வெறும் பின்னணி நீலம். நடுவில் அம்மா மட்டும் அப்படியே இருந்தாள். சரிபாதி சாம்பலைத் திருப்பிப் போட்டாலும் சரிபாதி சாம்பல்தான். ‘கொஞ்சநாள் அவுகளும் இல்லாம இருந்து பாக்கட்டும்’ என்று பாண்டிமீனா நினைத்தாள். வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. பழைய போர்டு காற்றில் கிழிந்துவிட்டது, புதுசு கட்டுங்கள் என்று போர்டு கட்டுகிறவர்களிடம் சொன்னாள். அவர்கள் எதையும் கேட்காமல் கட்டினார்கள். அன்றைக்குச் சந்தை. ஊர் மொத்தமும் பார்த்தது.

சுகப்பிரியா புதுச்சேலை கட்டி, இன்பராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை வெயில் பட, கடைவீதியில் நடந்தாள். டீக்கடையில் தர்மர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு கிளாஸ் தானாக எழுந்து, தானாகச் சாய்ந்து, காலியாகி இறங்கியது. டீக்கடைக்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு போடவா தர்மரு?” என்றார். “போடு,” என்றது பெஞ்சு.

சிவனாண்டியின் குரல் பஞ்சாயத்தில் எப்போதும் போலவே தீர்ப்புச் சொன்னது. முன்பு அவர் வந்தால்தான் ஆட்கள் எழுந்து நின்றார்கள். இப்போது எந்த நாற்காலியில் அவர் இருக்கிறார் என்று தெரியாததால், காலியாகக் கிடந்த நாற்காலி எல்லாவற்றுக்கும் எழுந்து நின்றார்கள். வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும்கூட, அவர் அங்கே இருந்தாலும் இருக்கலாம் என்று அவரை நல்லவிதமாகவே பேசினார்கள். தர்மர் தூரத்தில் வந்தால் முன்பு காலனிப் பிள்ளைகள் சந்துக்குள் திரும்பிக்கொள்வார்கள். இப்போது ஆளில்லாத தெரு எதுவாக இருந்தாலும் அது தர்மராக இருக்கலாம். வாசுகியும் சுகப்பிரியாவும் மங்கியபோது இல்லாமல் போனார்கள். இவர்கள் மங்கியபோது எல்லா இடத்திலும் இருந்தார்கள். ஒரே மாஸ்க், ஒரே கறுப்பு. பாண்டிமீனாவுக்கு அது ஏன் என்று புரிந்தபோது நேரம் போயிருந்தது.

இன்பராஜை நல்ல பகலில், பேருந்து நிலையத்தில், டவுன் பஸ் வந்து நின்ற நேரத்தில் வெட்டினார்கள். கையில் அவன் டூல்ஸ் பை. அந்தரத்தில் ஒரு அரிவாள் ஏறி இறங்கியதையும் கழுத்து திறந்துகொண்டதையும் எல்லோரும் பார்த்தார்கள், அவன் மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்தார்கள், சுகப்பிரியா தன் முந்தானையைச் சுருட்டி அவன் கழுத்தில் அமுக்கிக்கொண்டு, “யாராச்சும் ஆட்டோ கூப்புடுங்களேன்” என்று கத்தியதையும் பார்த்தார்கள். விசாரணைக்கு வந்தவர் பூக்காரியிலிருந்து கண்டக்டர்வரை ஒவ்வொருவராய்க் கேட்டார். “வெட்டுனவன் யாரு?”

“யாரையும் பாக்கலைங்கய்யா.”

நரிக்குளத்தில் சாட்சிகள் எல்லோரும் உண்மையைச் சொன்ன முதல் வழக்கு அது.

ஈமக்காரியம் முடிந்து பாண்டிமீனா ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலியின் மெத்தை அமுங்கியது. பீடி வாசனை வந்தது.

“நல்லா செஞ்ச தங்கச்சி,” என்றான் தர்மர். குரலில் கேலி இல்லை, நிஜமாகவே நன்றி இருந்தது. “நீ மட்டும் திருப்பிப் போடலேன்னா என்னைய அன்னைக்கே புடிச்சிருப்பாய்ங்க.”

அவள் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். திரும்பி வந்தபோது மெத்தை எழும்பியிருந்தது. சகாயம் எதிரில் இருந்தார். அவர் முன்னாலேயே ஃபைலைத் திறந்து, மாஸ்க்கைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். தர்மர், சிவனாண்டி, அம்மா, அவள், சுகப்பிரியா, எல்லோரும் முழுசாக, ஒருவர் விடாமல் வெளிச்சத்துக்கு வந்தார்கள். “பிரிண்ட் குடுங்கண்ணே,” என்றாள். சகாயம் காலியான நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். மெஷினை அவளே ஓட்டினாள். கயிற்றோடும் ஏணியோடும் அக்காளும் தங்கையுமே மூணுரோட்டில் ஏறிக் கட்டினார்கள்.

ஊர் பார்க்கவில்லை.

போர்டு ஏறினால் பார்க்காமல் போகாதவர்கள், செருப்பைப் பார்த்துக்கொண்டு போனார்கள், போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள், பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னல்களின் ஷட்டரை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளின் கண்ணைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். சுகப்பிரியா போர்டின் கீழே நின்றாள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, “ஒரே ஒரு தரம் நிமிந்து பாருங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பாத்தாப் போதும்,” என்றாள். காலையில் உரக்கச் சொன்னாள், உச்சியில் கெஞ்சிச் சொன்னாள், வெயில் சாய்ந்தபோது தொண்டை கட்டி உதடு மட்டும் சொன்னது. அவளைச் சுற்றிக்கொண்டு ஊர் போய் வந்தது.

அந்தச் சாயங்காலம் அம்மா வந்தாள். பாதி வெளிச்சமும் பாதி சாம்பலுமாக, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். சுகப்பிரியாவின் பக்கத்தில் வந்து நின்றாள், அவளைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்தாள். வலது கோடியை அல்ல, தன்னைக்கூட அல்ல, இடது கோடியைப் பார்த்தாள்.

“எம்மகன் மொகத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு,” என்றாள்.

அவள் ஒருத்தி பார்த்ததற்கு வந்தது ஒரு கைதான். எதிர் டீக்கடை பெஞ்சில், டீ கிளாஸைப் பிடித்தபடி, முழங்கைவரை, தர்மரின் வலது கை தெரிந்தது. நகக்கண்ணில் காய்ந்த ரத்தத்தின் கறுப்பு அப்படியே இருந்தது. கடையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். பாண்டிமீனா ரோட்டைக் கடந்து ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒருமுறை உதறி, அந்தக் கையின்மேல் பதமாகப் போட்டு மூடினார்.

“யாருக்குப்பா சீனி கம்மி?” என்றார்.